தொலைவு வாடகைக்கு, இடம் சொந்தமாக
வரைபடச் சேவை நின்றுபோனாலும் விநியோக வண்டி நிற்காதிருக்க ஒரு வழிகாட்டி

நாகபுரி நகரின் நடுவே, சட்டமன்றக் கட்டடத்துக்கு அருகில், மணற்கல் தூண் ஒன்று நிற்கிறது. அதன் பக்கத்தில் நான்கு குதிரைச் சிலைகள். பூஜ்ய மைல் கல் என்று அழைக்கப்படும் அந்தத் தூண், பிரிட்டிஷார் காலத்துப் பெரும் முக்கோண நில அளவையோடு தொடர்புடையது. 1802-இல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் தொடங்கிய அந்தப் பணியில், சங்கிலியும் தியோடலைட்டும் சுமந்து சென்றவர்கள் அளந்த தொலைவுகள் ஏட்டில் ஏறின. ஏட்டில் ஏறியவை, அளந்தவர்கள் மறைந்த பின்னரும் நிலைத்தன.

இன்று அதே நகரில் தொலைவை அறியும் முறை வேறு. எடுத்துக்காட்டாக, மொத்த வியாபாரி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். இத்வாரிச் சந்தையில் அவருக்குக் கிடங்கு. நகரெங்கும் நாற்பது கடைகள். இரண்டு சிறு சரக்கு வண்டிகள். நாள்தோறும் காலையில் எக்செல் விரிதாளில் அன்றைய ஆர்டர்களைப் பதிந்து ஒரு பொத்தானை அழுத்துகிறார். விரிதாள், இணையத்தின் வழியே ஒரு வரைபடச் சேவையிடம் தொலைவுகளைக் கேட்டு வாங்குகிறது. எந்த வண்டி எந்தக் கடைக்கு எந்த வரிசையில் செல்லவேண்டும் என்ற பட்டியல் வருகிறது. ஒரு நாள் காலை, தொலைவுக் கட்டங்களில் எண்களுக்குப் பதிலாகப் பிழைச்செய்தி நிற்கிறது. வண்டிகளில் சரக்கு ஏறிவிட்டது, ஓட்டுநர்கள் தாளுக்காகக் காத்திருக்கிறார்கள், தாள் வரவில்லை.

இந்நிலை வெறும் கற்பனையன்று. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தனது ‘பிங் மேப்ஸ் ஃபார் என்டர்பிரைஸ்’ சேவையை நிறுத்தப்போவதாக 2024-இல் அறிவித்தது. கட்டணமற்ற அடிப்படைக் கணக்குகளுக்கு 2025 ஜூன் 30 கடைசி நாளாயிற்று. கட்டணம் செலுத்தும் நிறுவனக் கணக்குகளுக்கு 2028 ஜூன் 30 வரை அவகாசம் உண்டு. உலாவியில் நாம் திறந்து பார்க்கும் பிங் வரைபடம் வேறு. நிறுத்தப்படுவது, விரிதாள்களும் செயலிகளும் கேட்டுப் பெறும் பின்னணிச் சேவை. மாற்றாக அந்நிறுவனம் ‘அஸூர் மேப்ஸ்’ சேவையைக் காட்டுகிறது.

இத்தகைய மாற்றம் இது முதன்முறையும் அன்று. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விநியோகத் திட்டமிடலுக்குப் பயன்பட்ட ‘மேப்பாயின்ட்’ மென்பொருள் 2014 முடிவோடு நிறுத்தப்பட்டது. 2018-இல் கூகுள், தனது வரைபடச் சேவைகளைப் பயன்படுத்தப் பணம் செலுத்தும் கணக்கைக் கட்டாயமாக்கியது. ஆகவே எந்தச் சேவைக்கு மாறுவது என்பதைவிட, அடுத்த மாற்றம் வரும்போது நம் தொழில் தடுமாறாதிருக்க விரிதாளை எவ்வாறு அமைப்பது என்பதே முதன்மையான கேள்வி.

விரிதாள் செய்யும் நான்கு வேலைகள்

விநியோகத் தடத்தைத் திட்டமிடும் எந்த விரிதாளும் நான்கு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, முகவரியை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாக மாற்றுவது. இரண்டாவது, ஒவ்வோர் இடத்திலிருந்தும் மற்ற இடங்களுக்குள்ள சாலைத் தொலைவையும் பயண நேரத்தையும் அறிவது. மூன்றாவது, அவற்றைக் கொண்டு வண்டிகளைப் பிரித்து வரிசையை முடிவு செய்வது. நான்காவது, ஓட்டுநர் கையில் கொடுக்கும் தாளை அச்சிடுவது.

இவற்றுள் முதல் இரண்டுக்கு மட்டுமே வெளிச்சேவை தேவை. பின்னிரண்டும் முழுக்க முழுக்க நம் கணினியில் நடப்பவை. ஆனால் பெரும்பாலான விரிதாள்களில் நான்கும் ஒரே சூத்திரத்துக்குள் பின்னிக் கிடக்கின்றன. சேவை நின்றதும் எல்லாம் ஒருசேர நின்றுவிடுவதற்கு அதுவே காரணம். எனவே முதல் வேலை, ஒன்றைத் தனித்தனித் தாள்களாகப் பிரிப்பது: ‘இடங்கள்’, ‘தொலைவுகள்’, ‘இன்றைய ஆர்டர்கள்’, ‘தடங்கள்’. வெளிச்சேவையோடு பேசும் பகுதி ‘தொலைவுகள்’ தாளை நிரப்புவதோடு நின்றுவிட வேண்டும். மற்றத் தாள்கள் அந்தத் தாளை மட்டுமே பார்க்க வேண்டும்; இணையத்தைப் பார்க்கக் கூடாது.

வாசலில் நின்று எடுத்த எண்

நாற்பது கடைகள் ஆண்டு முழுவதும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. அவை எங்கே இருக்கின்றன என்று நாள்தோறும் வெளியாரைக் கேட்க வேண்டிய தேவை இல்லை. தவிரவும், நம் நாட்டு முகவரிகள் இயந்திரத்துக்கு எளிதில் விளங்குவதில்லை. ‘மாருதி கோவிலுக்குப் பின்புறம், தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில்’ என்பது தபால்காரருக்குப் புரியும். சேவையகம் அதைப் பேட்டையின் நடுப்புள்ளியில் கொண்டுபோய் வைத்துவிடும்.

ஓட்டுநர் அடுத்த முறை சரக்கு இறக்கும்போது, கடை வாசலில் நின்று கைப்பேசியிலுள்ள ஜிபிஎஸ் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் குறித்து அனுப்பினால் போதும். ஒரு வாரத்தில் நாற்பது கடைகளும் முடிந்துவிடும். தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கங்கள் இருக்கட்டும். ஐந்தாம் இலக்கம் தரையில் ஏறத்தாழ ஒரு மீட்டரைக் குறிக்கும். அடுக்குமாடி வணிக வளாகமாயின், முன்வாசலைவிடச் சரக்கு இறக்கும் வாசலைக் குறிப்பது நல்லது.

இதில் சட்டப் பயனும் உண்டு. சில வணிக வரைபடச் சேவைகள், தாங்கள் தரும் இட எண்களை நீண்ட காலம் சேமித்து வைக்க அனுமதிப்பதில்லை. கூகுளின் விதிகள் பொதுவாக முப்பது நாள் வரம்பு விதிக்கின்றன. நம் ஓட்டுநர் தம் கைப்பேசியில் எடுத்த எண்ணுக்கு அத்தகைய வரம்பு ஏதுமில்லை. அது நம் ஏட்டுக்கே சொந்தம்.

இந்திய அஞ்சல் துறை 2025 மே மாதம் வெளியிட்ட ‘டிஜிபின்’ முறையும் இங்கே கைகொடுக்கும். 1972 ஆகஸ்டு 15-இல் அறிமுகமான ஆறு இலக்க அஞ்சல் குறியீடு ஒரு வட்டாரத்தைக் குறிக்கிறது. பத்து எழுத்தெண்கள் கொண்ட டிஜிபின், ஏறத்தாழ நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் அளவுள்ள கட்டத்தையே குறிக்கிறது. அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்து கணக்கிட்டுப் பெறுவது அது. அதிலிருந்து மீண்டும் அவ்விடத்தைக் கண்டறியலாம். ‘இடங்கள்’ தாளில் அதற்கும் ஒரு நெடுவரிசை ஒதுக்கினால், விலைச்சீட்டில் அச்சிடவும் புதிய ஓட்டுநருக்குச் சொல்லவும் உதவும்.

தொலைவு அட்டவணை: ஒருமுறை நிரப்பிப் பலமுறை பயன்படுத்துதல்

கிடங்கையும் சேர்த்தால் நம் வியாபாரிக்கு 41 இடங்கள். ஒருவழிப் பாதைகள் இருப்பதால், போகும் தொலைவும் திரும்பும் தொலைவும் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே 41 இடங்களுக்கு 41 × 40, அதாவது 1,640 தொலைவுகள் வேண்டும். மாதத்தில் 26 வேலை நாட்களும் அவற்றைப் புதிதாகக் கேட்டால், கேள்விகளின் எண்ணிக்கை 42,640 ஆகிறது. ஒருமுறை பெற்று வைத்துக்கொண்டால் 1,640 போதும். புதிதாக ஒரு கடை சேர்ந்தால், போகவும் வரவுமாக 82 எண்கள் மட்டும் கூடும். கட்டணச் சேவைகள் பலவும் கேள்விகளின் எண்ணிக்கையைக் கொண்டே பில் போடுவதால், இந்த வேறுபாடு நேராகப் பணமாகிறது.

தொலைவைப் பெற மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, கட்டணச் சேவை. அஸூர் மேப்ஸ், கூகுள், 1995-இல் தொடங்கப்பட்ட இந்திய நிறுவனமான மேப்மைஇந்தியா, ஓலா மேப்ஸ் எனப் பல உள்ளன. இவற்றின் போட்டியால் விலைகள் அசைகின்றன; 2024 ஆகஸ்டு முதல் கூகுள் இந்தியாவுக்கான கட்டணங்களைக் குறைத்தது. போக்குவரத்து நெரிசலுக்கேற்ற பயண நேரம் தேவைப்படுவோருக்கு இவ்வழியே பொருத்தம். ஆனால் சேமித்து வைக்கும் உரிமை குறித்த விதியைப் படித்த பின்னரே ஒப்பந்தம் செய்ய வேண்டும்.

இரண்டாம் வழி, 2004-இல் தொடங்கப்பட்ட திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். உலகெங்கும் தன்னார்வலர்கள் வரையும் இத்தரவை, மூலத்தைக் குறிப்பிட்டு, உரிம விதிகளுக்கு உட்பட்டு எவரும் பயன்படுத்தலாம், சேமிக்கலாம். ‘ஓஎஸ்ஆர்எம்’ போன்ற இலவச மென்பொருளைச் சொந்தக் கணினியில் நிறுவினால், 1,640 தொலைவுகளும் சில நொடிகளில் கிடைக்கும். நிறுவுவதற்குக் கணினி அறிந்த ஒருவரின் உதவி தேவை. இணையத்தில் திறந்திருக்கும் மாதிரிச் சேவையகத்தையே அன்றாடத் தொழிலுக்கு நம்பிக்கொண்டிருப்பது முறையன்று. அது செயல்விளக்கத்துக்கானது, எந்நேரமும் நிற்கக்கூடியது. உட்புறத் தெருக்களில் வரைபடம் குறைபட்டிருந்தால், நாமே திருத்திச் சேர்க்கலாம் என்பது இதன் தனிச்சிறப்பு.

மூன்றாம் வழி, எந்தச் சேவையும் இல்லாமல் கணக்கிடுவது. ஒரு பாகை அட்சரேகை எங்கும் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஒரு பாகை தீர்க்கரேகை நாகபுரியில் ஏறத்தாழ 104, தில்லியில் 98, சென்னையில் 108 கிலோமீட்டர். இரு இடங்களின் வேறுபாடுகளை இவற்றால் பெருக்கி, வர்க்கங்களைக் கூட்டி, வர்க்கமூலம் கண்டால் நேர்க்கோட்டுத் தொலைவு கிடைக்கும். ஒரு நகருக்குள் இந்தத் துல்லியம் போதும். சாலை நேர்க்கோட்டில் செல்வதில்லை; ஆகவே ஓடோமீட்டரில் அளந்த இருபது பயணங்களை எடுத்து, சாலைத் தொலைவை நேர்க்கோட்டுத் தொலைவால் வகுத்துச் சராசரி காண வேண்டும். ஆறு கிலோமீட்டர் நேர்க்கோடு, சாலையில் 8.1 கிலோமீட்டராக இருந்தால் விகிதம் 1.35. அந்த விகிதத்தால் எல்லாத் தொலைவுகளையும் பெருக்கிக்கொள்ளலாம்.

இம்முறைக்கு எல்லை உண்டு. இத்வாரிக்கும் சீதாபல்டிக்கும் இடையே இரயில் பாதை குறுக்கிடுகிறது. பாலமோ சுரங்கப்பாதையோ இருக்கும் இடத்தில்தான் கடக்க முடியும். இத்தகைய ஊர்களில் தடையின் இருபுறமும் உள்ள கடைகளைத் தனித்தனி மண்டலமாகக் குறித்து, மண்டலம் தாண்டும் பயணத்துக்குக் கூடுதல் கிலோமீட்டர் சேர்க்க வேண்டும். மற்ற இரு வழிகளையும் தேர்ந்தவர்கள்கூட, இந்த மூன்றாம் வழியை ஒரு தாளில் எப்போதும் வைத்திருப்பது நல்லது. சேவை நின்ற காலையில் வண்டி புறப்பட அது உதவும். சேவை தரும் எண் தவறாக இருந்தால் காட்டிக்கொடுக்கவும் அதுவே உதவும்.

மாறும்போது இடறும் இடங்கள்

பழைய சேவையிலிருந்து புதியதற்கு மாறும்போது நான்கு இடங்களில் தவறு நேர்வது வழக்கம்.

ஒன்று, எண்களின் வரிசை. பிங் சேவையில் அட்சரேகை முதலில் வரும். ஓஎஸ்ஆர்எம் முதலிய பலவற்றில் தீர்க்கரேகை முதலில் வர வேண்டும். நாகபுரியின் எண்கள் 21.15, 79.09. இவற்றை இடம் மாற்றிக் கொடுத்தால், நம் கடை வட துருவத்துக்கு அருகிலுள்ள ஸ்வால்பார்டு தீவுகளின் பக்கம் போய் நிற்கும். கிடைக்கும் பிழைச்செய்தியோ ‘பாதை இல்லை’ என்றுதான் இருக்கும், காரணத்தைச் சொல்லாது.

இரண்டு, அலகு. பிங் தொலைவுகளை வழக்கமாகக் கிலோமீட்டரிலும் நிமிடத்திலும் தந்தது. ஓஎஸ்ஆர்எம், அஸூர் போன்றவை மீட்டரிலும் நொடியிலும் தருகின்றன. 7.2 என்று வந்த இடத்தில் 7,200 வரும். வண்டி நாள் முழுவதும் ஓடினாலும் முதல் கடையையே அடையாது என்று விரிதாள் முடிவுகட்டிவிடும்.

மூன்று, விடையின் வடிவம். பிங் சேவை எக்ஸ்எம்எல் வடிவிலும் விடை தந்ததால், எக்செலின் ‘வெப்சர்வீஸ்’, ‘ஃபில்டர்எக்ஸ்எம்எல்’ சூத்திரங்களே போதுமானவையாக இருந்தன. புதிய சேவைகள் பலவும் ஜேசன் வடிவில் விடை தருகின்றன. அதைப் படிக்க எக்செலிலேயே உள்ள ‘பவர் குவெரி’ கருவியைப் பயன்படுத்த வேண்டும்.

நான்கு, எல்லாவற்றிலும் ஆபத்தானது. பிழைச்செய்தி கண்ணை உறுத்துகிறது என்று, பிழை வந்தால் பூஜ்யம் காட்டுமாறு ‘இஃப்எரர்’ சூத்திரம் எழுதி வைத்திருப்பார்கள். தொலைவு கிடைக்காத கடை, பூஜ்யம் கிலோமீட்டரில் இருக்கும் கடையாகிவிடும். குறைந்த தொலைவைத் தேடும் விரிதாள், வண்டியை முதலில் அங்கேதான் அனுப்பும். கிடைக்காத தொலைவுக்குப் பூஜ்யம் இடக் கூடாது. 9,999 போன்ற பெரிய எண்ணை இட்டுச் சிவப்பு நிறமும் கொடுக்க வேண்டும்.

வரிசையை வகுக்கும் கணக்கு

பத்துக் கடைகளுக்குச் செல்லும் வரிசைகள் 36,28,800. பன்னிரண்டு கடைகளானால் 47,90,01,600. எல்லாவற்றையும் சோதித்துப் பார்ப்பது கைக்கணக்கால் ஆகாது. பெட்ரோல் நிலையங்களுக்கு எரிபொருள் கொண்டு செல்லும் லாரிகளை முன்னிட்டு, 1959-இல் டான்ட்சிக், ராம்ஸர் ஆகியோர் இச்சிக்கலை ஆய்வுக்கட்டுரையாக எழுதினார்கள். 1964-இல் கிளார்க், ரைட் என்ற இருவர் தந்த ‘சேமிப்பு முறை’ இன்றும் சாதாரண விரிதாளில் எளிதாகச் செய்யக்கூடியது.

கிடங்கிலிருந்து முதல் கடை 8 கிலோமீட்டர், இரண்டாம் கடை 9 கிலோமீட்டர், இரண்டுக்கும் இடையே 3 கிலோமீட்டர் என்று கொள்வோம். தனித்தனியே போய்வந்தால் 34 கிலோமீட்டர். ஒரே பயணத்தில் சேர்த்தால் 8 + 3 + 9 = 20. மிச்சம் 14. இவ்வாறு ஒவ்வோர் இணைக்கும் மிச்சத்தைக் கணக்கிட்டு, மிகுதியான மிச்சம் தரும் இணையிலிருந்து தொடங்கி, வண்டியின் கொள்ளளவு இடம் தரும்வரை கடைகளைக் கோத்துக்கொண்டே போக வேண்டும். பாத் பல்கலைக்கழகத்தின் குனேஷ் எர்தோவான் உருவாக்கிய திறந்தநிலை எக்செல் கருவி போன்றவையும் இவ்வேலைக்கு உண்டு. அக்கருவியும் தொலைவுகளுக்குப் பிங் சேவையைச் சார்ந்தே வடிவமைக்கப்பட்டது. ஆனால் அதிலும் தொலைவுகளுக்கென்று தனித்தாள் இருப்பதால், எண்களை வேறிடத்திலிருந்து பெற்று நிரப்ப முடியும். பிரித்து வைப்பதன் பயனுக்கு அதுவே சான்று.

பணமும் பாதுகாப்பும்

இத்தனை முயற்சிக்கும் பலன் என்ன? டீசல் லிட்டர் 90 ரூபாய், வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு எரிபொருள் மட்டும் 6 ரூபாய். திட்டமில்லாத அலைச்சலால் இரு வண்டிகளும் நாளுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கூடுதலாக ஓடினால், 26 நாட்களில் 624 கிலோமீட்டர். மாதம் 3,744 ரூபாய். ஆண்டுக்கு ஏறத்தாழ 45,000 ரூபாய். வண்டிக்கடனின் தவணை கட்டும் சிறு நிறுவனத்துக்கு இது பொருட்படுத்த வேண்டிய தொகை.

கட்டணச் சேவைக்கு அட்டை விவரம் கொடுக்கும்போது சில செய்திகளைக் கவனத்தில் கொள்ள வேண்டும். சில சேவைகளின் பில், வெளிநாட்டு நிறுவனத்தின் பேரில் வரும். அட்டையில் வெளிநாட்டுப் பரிமாற்ற வசதி இயக்கப்படாதிருந்தால் பணம் போகாது. ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, தொடர் கழிவுகளுக்கு முன்னறிவிப்பு வரும். பொதுவாக 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு ஒவ்வொரு முறையும் கூடுதல் உறுதிப்படுத்தல் வேண்டும். அதைக் கவனிக்கத் தவறினால், மாத நடுவில் சேவை நின்றுவிடலாம்.

சேவை தரும் இரகசியச் சாவி எண்ணை விரிதாளின் ஒரு கட்டத்தில் எழுதி, அந்தக் கோப்பை வாட்ஸ்அப்பில் பலருக்கும் அனுப்புவது, கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். சாவியைப் பெறும் எவரும் நம் கணக்கில் செலவு செய்யலாம். ஓட்டுநருக்கு அனுப்பும் கோப்பில் சாவி இருக்கலாகாது. நாளுக்கு இத்தனை கேள்விகள்தான் என்ற உச்சவரம்பையும், செலவு குறித்த எச்சரிக்கையையும் முதல் நாளே அமைத்துவிட வேண்டும்.

இரண்டு வாரச் சோதனை

புதிய ஏற்பாட்டை ஒரே நாளில் மாற்றிவிடாமல், இரண்டு வாரங்கள் ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று. நாள்தோறும் திட்டமிட்ட கிலோமீட்டரை ஒரு நெடுவரிசையிலும், மாலையில் ஓடோமீட்டர் காட்டியதை அடுத்த நெடுவரிசையிலும் எழுதுங்கள். வேறுபாடு நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருக்கும் நாட்களில், ஓட்டுநரை அமர வைத்துக் காரணம் கேளுங்கள். ‘அந்தத் தெருவில் செவ்வாய்க்கிழமை சந்தை கூடும்’, ‘அந்தக் கடை பதினோரு மணிக்கு முன் ஷட்டர் திறக்காது’, ‘அந்தப் பாலத்தின் கீழே நம் வண்டி நுழையாது’ என்று பதில் வரும். இவை எந்த வரைபடச் சேவையிலும் கிடைப்பது அரிது. ‘இடங்கள்’ தாளில் ‘குறிப்பு’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, அவற்றை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். நெடுநாள் வண்டி ஓட்டியவர் விடுப்பில் சென்ற நாளிலும், ஓய்வுபெற்ற பிறகும், அந்த அறிவு நிறுவனத்தில் தங்கும்.

மாதம் ஒருமுறை அந்த விரிதாளின் படியொன்றை வேறிடத்தில் சேமித்து வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, அன்றைய தடப்பட்டியல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், எந்தச் சேவை எந்தத் தேதியில் ஓய்வுபெற்றாலும், மறுநாள் காலையில் உங்கள் ஓட்டுநர் கையில் தாள் இருக்கும்.